ஆத்துக்கு அந்தக் கரை: லினக்ஸ் கெர்னலும் விண்டோஸ் டிஸ்க்கும்

கணினி சரித்திரம்னு யாராவது எழுத உட்கார்ந்தா பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ், லினஸ் டோர்வால்ட்ஸ்னு பெரிய தலைகளைத்தான் எழுதுவாங்க. நான் எழுதப் போறது ஒரே ஒரு கேள்வியோட சரித்திரம். லினக்ஸ் கெர்னலை நாமளே கம்பைல் பண்றப்ப நீளமா ஒரு மெனு வரும் இல்லையா, அதுல "என்.டி.எஃப்.எஸ் ஆதரவு வேணுமா?"ன்னு ஒரு வரி இருக்கும். வேணும், வேண்டாம், மாட்யூலா வேணும். மூணே பதில்தான். இந்த ஒத்தை வரிக்குப் பின்னாடி கால் நூற்றாண்டு சண்டை, உழைப்பு, பயம் எல்லாம் இருக்கு. நம்ம தமிழுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கெர்னல்னாலே ஓடிப் போறவங்களுக்காக முதல்ல ஒரு உள்ளூர் உதாரணம். திருநெல்வேலிக்காரங்களுக்கு டக்குனு புரியும்.

தாமிரபரணிக்கு இந்தக் கரையில திருநெல்வேலி, அந்தக் கரையில பாளையங்கோட்டை. இரட்டை நகரம்னு இன்னிக்கு பெருமையாச் சொல்லிக்கிறோம். ஆனா 1843-க்கு முன்னாடி ஆத்தைக் கடக்கணும்னா படகுதான். அப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, பதினோரு வளைவுகளோட ஒரு பாலம் கட்டிக் கொடுத்தார். இன்னிக்கும் அவர் பேர்லதான் அந்தப் பாலம் இருக்கு. சர்க்கார் செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி மனுஷன் செஞ்சார்ங்கிறதுதான் அதுல விசேஷம்.

ஒரே கம்ப்யூட்டர்ல விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் போட்டு வச்சா அதுவும் இப்படி ஒரு இரட்டை நகரம்தான். ஹார்ட் டிஸ்க் ஒண்ணு, கரை ரெண்டு. விண்டோஸ் தன் கரையில என்.டி.எஃப்.எஸ் முறையில கோப்புகளை அடுக்கி வைக்கும். லினக்ஸ் தன் கரையில இ.எக்ஸ்.டி2, இ.எக்ஸ்.டி3 முறையில அடுக்கும். இதுல இருந்து அதைப் பார்க்கணும்னா கெர்னலுக்குள்ள ஒரு பாலம் வேணும். அந்தப் பாலத்தைக் கட்டினதும் விண்டோஸ் கம்பெனி இல்ல, தனி ஆட்கள்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அடுத்த வீட்டுப் பாத்திரத்தில் சமையல்

லினக்ஸுக்கு அந்நியக் கோப்பு முறைமை ஒண்ணும் புதுசு இல்ல. சொல்லப் போனா பிறந்ததே அப்படித்தான். 1991-ல லினஸ் எழுதின முதல் கெர்னல் பயன்படுத்தினது மினிக்ஸோட கோப்பு முறைமையை. லினக்ஸுக்குன்னு சொந்தமா ஒண்ணு வந்தது 1992-ல, ரெமி கார்டு எழுதின இ.எக்ஸ்.டி. அடுத்த வருஷமே இ.எக்ஸ்.டி2. எந்த முறைமையா இருந்தாலும் மேல ஒரே மாதிரி காட்டுற ஒரு பொது அடுக்கை கெர்னலுக்குள்ள ஆரம்பத்துலயே வச்சுட்டாங்க. வி.எஃப்.எஸ்னு பேர். "ஃபைலைத் திற, படி, மூடு"ன்னு மேல இருந்து சொன்னாப் போதும். கீழ டாஸ் டிஸ்க்கா, சிடியா, மினிக்ஸாங்கிறதை அந்தந்த டிரைவர் பார்த்துக்கும்.

டாஸோட ஃபேட் முறைமை எளிமையானது, ஊரறிஞ்சது. அதனால லினக்ஸுக்குள்ள சீக்கிரமே வந்துடுச்சு. 1993-ல விண்டோஸ் என்.டி 3.1 வந்தப்போ கூடவே வந்த என்.டி.எஃப்.எஸ் அப்படி இல்ல. உள்ள என்ன இருக்குன்னு மைக்ரோசாஃப்ட் முழுசா வெளியிடவே இல்ல. டிஸ்க்கை பைட் பைட்டாப் பார்த்து, ஒரு ஃபைலை உருவாக்கினா எங்க என்ன மாறுது, அழிச்சா எங்க என்ன மாறுதுன்னு ஊகிச்சு எழுத வேண்டியதுதான். பாஷை தெரியாத ஊர்ல போய் அகராதி எழுதுற மாதிரி.

மார்ட்டின் வான் லோவிஸ்னு ஒரு ஜெர்மானியர் 1990-களின் நடுவுல அந்த வேலையை ஆரம்பிச்சார். அவர் டிரைவர் 1997 டிசம்பர்ல 2.1.74 கெர்னல்ல சேர்ந்தது. படிக்க முடிஞ்சது. எழுதப் போனாத்தான் வில்லங்கம்.

ஏன் வில்லங்கம்? என்.டி.எஃப்.எஸ்ல எல்லாத்துக்கும் ஒரு தலைமைப் பதிவேடு இருக்கு (எம்.எஃப்.டி). ஊர்ல எந்த நிலம் யார் பேர்லன்னு சொல்ற தாலுகா ஆபீஸ் ரிஜிஸ்டர்னு வச்சுக்கோங்க. அது போக, எந்த மாற்றம் செஞ்சாலும் முதல்ல எழுதி வைக்கிற நாட்குறிப்பு ஒண்ணு. ஃபோல்டர்களோ மரம் மாதிரி கிளை கிளையா அடுக்கினது. புதுசா ஒரு ஃபைல் போடணும்னா இத்தனையும் ஒத்துப் போற மாதிரி மாத்தணும். ஒண்ணு விட்டாலும் அடுத்த தடவை விண்டோஸ் கிளம்பும்போது நீலத் திரையில செக்டிஸ்க் ஓட ஆரம்பிச்சுடும். அதிர்ஷ்டம் இல்லாட்டி பார்ட்டிஷனே காலி.

அதனாலதான் 2.4 கெர்னல் மெனுவுல "படிக்க மட்டும்"னு ஒரு வரியும், அதுக்குக் கீழ "எழுதும் ஆதரவு"ன்னு இன்னொரு வரியும் இருந்துச்சு. ரெண்டாவது வரி பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள கொட்டை எழுத்துல "டேஞ்சரஸ்"! ஈ.பி டிரான்ஸ்ஃபார்மர்ல மண்டை ஓடு போட்டு வச்ச மாதிரி :-)

படகுக் காலம்

2000-களின் தொடக்கத்துல நம்ம பக்கத்து காலேஜ் பசங்களுக்கு லினக்ஸ் எப்படிக் கிடைச்சுது? பிராட்பேண்ட் எல்லாம் ஏது. பிசி க்வெஸ்ட் இதழோட இலவசமா வர்ற லினக்ஸ் சிடிதான். அது பெரும்பாலும் ரெட் ஹாட் வழி வந்தது. போட்டு, பூட் பண்ணி, பென்குயினைப் பார்த்து சந்தோஷப்பட்டு, "சரி, டி டிரைவ்ல இருக்கிற பாட்டைக் கேப்போம்"னு போனா... டி டிரைவே தெரியாது.

காரணம், ரெட் ஹாட் தன் கெர்னலைக் கம்பைல் பண்றப்ப அந்தக் கேள்விக்கு "வேண்டாம்"னு பதில் சொல்லியிருந்தது. காப்புரிமை வழக்கு வந்துடுமோங்கிற பயம். லினக்ஸ்-என்.டி.எஃப்.எஸ் குழுவினர் ஒவ்வொரு ரெட் ஹாட் கெர்னலுக்கும் தனித்தனியா மாட்யூல் செஞ்சு வச்சிருந்தாங்க. உங்க கெர்னல் எண் எதுவோ அதுக்கு மிகச் சரியா பொருந்துறதை இறக்கணும். டயல்-அப்ல! இல்லாட்டி கெர்னல் மூல நிரலையே எடுத்து, மெனுவுல "மாட்யூலா வேணும்"னு குறிச்சு, ராத்திரி பூரா கம்பைல் ஓட விட்டுட்டுத் தூங்கணும்.

அப்படி எல்லாம் முடிச்சு மவுண்ட் பண்ணினாலும், ரூட் மட்டும்தான் உள்ள போக முடியும். அந்த டிரைவரோட இயல்பு அனுமதி அப்படி. அதுக்கு ஒரு உமாஸ்க் வரியைக் கூடச் சேர்க்கணும். லினக்ஸ் கத்துக்கிட்டவங்க நிறையப் பேருக்கு உமாஸ்க்னா என்னன்னு தெரிஞ்சதே இந்த என்.டி.எஃப்.எஸ் புண்ணியத்துலதான்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் ஒரு நாட்டு வைத்தியம் இருந்தது: நடுவுல ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன். ரெண்டு பக்கமும் அதைப் படிக்கும், எழுதும். பாலம் வர்ற வரைக்கும் படகு! ஆனா படகுல யானையை ஏத்த முடியாது. ஃபேட்32-ல ஒரு ஃபைல் 4 ஜி.பி-யைத் தொடக் கூடாது. போதாக்குறைக்கு விண்டோஸ் எக்ஸ்பி, 32 ஜி.பி-க்கு மேல ஃபேட்32-ஆ ஃபார்மட் பண்ண மாட்டேன்னு அடம் பிடிக்கும்.

இதுக்கிடையில ஆன்டன் அல்டபார்மகோவ் அந்த டிரைவரை அடியிலிருந்து புதுசா எழுதினார். 2002-ல 2.5.11 கெர்னல்ல அது சேர்ந்தது. மனுஷன் மகா ஜாக்கிரதை. ஏற்கெனவே இருக்கிற ஃபைலை, அதன் அளவு மாறாம, மேலாக மட்டும் எழுதலாம். புதுசா ஒண்ணு உருவாக்க முடியாது, அழிக்கவும் முடியாது. கேட்க வேடிக்கையா இருக்கும். ஆனா அந்த எல்லைக்குள்ள யார் டேட்டாவும் போகக் கூடாதுன்னு நின்னார். 2003-ல யான் கிராடொச்வில்னு ஒருத்தர் இன்னும் வேடிக்கையா ஒண்ணு செஞ்சார்: விண்டோஸோட ஒரிஜினல் என்.டி.எஃப்.எஸ் டிரைவர் கோப்பையே எடுத்துக்கிட்டு வந்து லினக்ஸுக்குள்ள ஓட வச்சார். கேப்டிவ்னு பேர். சிறைபட்டவன்னு பொருத்தமாத்தான் வச்சிருக்கார்.

நிஜமான விடிவு 2006 ஜூலையில. ஹங்கேரியைச் சேர்ந்த சபோல்ச் சகாசிட்ஸ் என்.டி.எஃப்.எஸ்-3ஜியை அறிவிச்சார். 2007 பிப்ரவரியில 1.0 வந்தது. இது கெர்னலுக்கு உள்ள இல்ல, வெளிய ஃபியூஸ் வழியா ஓடுறது. (ஃபியூஸ், 2005-ல வந்த 2.6.14 கெர்னல்ல சேர்ந்த வசதி. சாதாரண நிரலே கோப்பு முறைமையா வேலை பார்க்கலாம்.) வேகம் கொஞ்சம் கம்மி. ஆனா படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். அந்தச் சமயத்துலதான் நம்ம எல்காட்டும் சூசே லினக்ஸ் பக்கம் போனது. 2011 செப்டம்பர்ல தமிழக அரசோட இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சு, விண்டோஸும் சி-டாக்கோட பாஸ் லினக்ஸும் ஒரே பெட்டியில சேர்ந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பிள்ளைங்க கைக்கு வந்தப்போ, பாலம் திறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நாங்க பட்ட பாடு அந்தப் பிள்ளைங்களுக்கு இல்ல. நல்லதுதான்.

தமிழுக்கு வந்த தனிச் சோதனை

இது வரைக்கும் சொன்னது உலகப் பொதுக் கதை. இனிமேதான் நம்ம கதை.

கெர்னல் மெனுவுல கோப்பு முறைமைப் பகுதியோட கடைசியில, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலை இருக்கு. என்.எல்.எஸ்னு பேர்: தாய்மொழி ஆதரவு. என்.டி.எஃப்.எஸ்ல ஃபைல் பேர் எல்லாம் 16 பிட் ஒருங்குறியில இருக்கும். அதை லினக்ஸ் பக்கத்து எழுத்தா மாத்த கெர்னலுக்கு ஒரு அட்டவணை வேணும். அந்த அட்டவணைகளோட பட்டியல்தான் இந்த மூலை. அதுல ஜப்பானியம் இருக்கு, சீனம் இருக்கு, ரஷ்யன் இருக்கு, ஹீப்ரு இருக்கு, தாய்லாந்து மொழிக்குக் கூட 874-ன்னு ஒரு அட்டவணை இருக்கு.

தமிழ் இல்ல.

இது சதி எல்லாம் இல்லைங்க. விண்டோஸ்லயே தமிழுக்குன்னு 8 பிட் அட்டவணை கிடையாது. விண்டோஸ் 2000-ல தமிழ் நேரா ஒருங்குறியாத்தான் உள்ள வந்தது. நாம டிஸ்கி, டாப், டாம்னு நமக்குள்ள சண்டை போட்டுக்கிட்டு இருந்ததுல எதுவும் கெர்னல் வரைக்கும் போய்ச் சேரல. அதனால லினக்ஸ்ல தமிழ்ப் பேரைக் காட்ட ஒரே வழி யு.டி.எஃப்-8. ஆனா கெர்னல் மூல நிரல்ல இயல்பா வச்சிருந்த அட்டவணை ஐ.எஸ்.ஓ 8859-1. மேற்கு ஐரோப்பிய எழுத்துகள், மொத்தமே 256 இடம்.

இப்போ பாருங்க கூத்தை. இ-கலப்பையோ முரசு அஞ்சலோ போட்டு, எக்ஸ்பியில ஒரு ஃபைலுக்கு "தாத்தா கடிதம்"னு பேர் வச்சிருக்கீங்க. லினக்ஸ்ல அந்த டிஸ்க்கை மவுண்ட் பண்றீங்க, அட்டவணை 8859-1. ஃபேட் டிரைவரா இருந்தா தமிழ் எழுத்துக்குப் பதிலா கேள்விக்குறியா வரிசையாக் காட்டும். ஏதோ ஒண்ணு இருக்குன்னாவது தெரியும். அந்தப் பழைய என்.டி.எஃப்.எஸ் டிரைவர் என்ன செய்யும் தெரியுமா? "இந்தப் பேரை எழுத முடியல, தாண்டிப் போறேன்"னு கெர்னல் பதிவுல ஒரு வரி எழுதிட்டு, அந்த ஃபைலைப் பட்டியல்லயே காட்டாது!

திரும்பப் படிங்க. பட்டியல்லயே காட்டாது. பிழைச் செய்தி திரையில வராது. ஆங்கிலப் பேர் வச்ச ஃபைல் எல்லாம் அழகா வரிசையா நிக்கும். தமிழ்ப் பேர் வச்சது மட்டும் அங்க பிறக்கவே இல்லாத மாதிரி இருக்கும். ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தா ஆங்கிலப் பேர் எல்லாம் வரும், தமிழ் வராது. "காப்பி ஆயிடுச்சு"ன்னு நம்பி ஒரிஜினலை ஃபார்மட் பண்ணினா கதை முடிஞ்சுது. என்.டி.எஃப்.எஸ்-3ஜியும் ஆரம்ப வருஷங்கள்ல லொகேல் சரியா அமையாட்டி இதே போல ஃபைலை மறைச்சுடும். அதுக்கும் தனியா ஒரு ஆப்ஷன் கொடுக்க வேண்டியிருந்தது.

மவுண்ட் கட்டளையில "என்.எல்.எஸ் = யு.டி.எஃப்8"ன்னு ஒரே ஒரு சொல் சேர்த்தாப் போதும், எல்லாம் வந்துடும். ஆனா சேர்க்கணும்னு தெரிஞ்சாத்தானே? ஆங்கிலத்துல எழுதின கையேடுகள்ல அது கடைசிப் பத்தியில வர்ற விஷயம். அவங்களுக்கு அது "சிறப்பு எழுத்துகள் சிக்கல்". நமக்கு மொத்த எழுத்துமே சிறப்பு எழுத்துதான்.

வெள்ளத்துக்குப் பிறகு

இந்தப் பழைய கதையை இப்ப எதுக்குக் கிளறுறேன்னு கேக்கலாம். 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணியில வந்த வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் குளமாகிப் போச்சு. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட ஜனங்க மாட்டிக்கிட்டாங்க. அதுக்கு அப்புறம் சில மாசத்துக்கு, எனக்குத் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. "இது பரண்ல இருந்ததால தப்பிச்சுது தம்பி. அடுத்த தடவை தப்புமோ என்னவோ. உள்ள இருக்கிறதை எடுத்துத் தாயேன்"னு.

அதுல ஒருத்தர் பாளையங்கோட்டைப் பக்கம் டி.டி.பி கடை வச்சிருந்த அண்ணாச்சி. கடையை மூடிப் பல வருஷம் ஆச்சு. எக்ஸ்பி காலத்து டிஸ்க், என்.டி.எஃப்.எஸ். அண்ணாச்சி ஃபோல்டருக்கெல்லாம் தமிழ்லதான் பேர் வச்சிருந்தார். சுடலைமாடன் கொடை நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், பூப்புனித நீராட்டு விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்... சுத்துவட்டார ஊர்களோட பத்து வருஷச் சரித்திரம் அந்தப் பெட்டியில இருந்தது. எந்தக் கொடைக்கு யார் யார் வரி கொடுத்தாங்க, எந்த வருஷம் எந்தக் கணியான் கூத்துக் குழு வந்தது, எந்த ஊர்ப் பெரியவர் எப்பத் தவறிப் போனார்... இதெல்லாம் எந்த கெஜட்டியர்ல இருக்கு சொல்லுங்க?

லினக்ஸ்ல மவுண்ட் பண்ணினேன். ரெண்டே ஆப்ஷன்: படிக்க மட்டும், யு.டி.எஃப்-8. அத்தனை பேரும் தமிழ்ல வந்து வரிசையா நின்னப்ப அண்ணாச்சி, "அட, எல்லாம் இருக்கே!"ன்னார். (உள்ள இருக்கிற எழுத்துரு ஒருங்குறிக்கு முந்தினது. அதை மாத்துறது தனிப் பாடு. இன்னொரு பதிவுக்கு ஆச்சு.)

இதுல ஒண்ணு கவனிச்சேன். அந்தக் காலத்துல "படிக்க மட்டும்தானா, சே!"ன்னு நாங்க திட்டின அதே குணம்தான் இன்னிக்குப் பழைய டிஸ்க்கைக் காப்பாத்துறப்ப முதல் விதி. வயசான டிஸ்க்ல ஒரு பைட் கூட எழுதக் கூடாது. இதே டிஸ்க்கை விண்டோஸ்ல மாட்டினா அது தன் பாட்டுக்கு நாட்குறிப்பைத் திருத்தும், குப்பைத் தொட்டி ஃபோல்டரை உருவாக்கும்.

இன்றைய நிலவரம்

மைக்ரோசாஃப்ட் பக்கமும் காத்து மாறிடுச்சு. 2009-ல ஃபேட் நீளப் பேர் காப்புரிமையைக் காட்டி டாம்டாம் மேல வழக்குப் போட்ட அதே கம்பெனி, 2019 ஆகஸ்ட்ல எக்ஸ்ஃபேட் விவரக் குறிப்பை வெளியிட்டு, லினக்ஸ்ல சேர்த்துக்கோங்கன்னுச்சு. 2020-ல பாராகான்ங்கிற நிறுவனம், அதுவரைக்கும் காசுக்கு வித்துக்கிட்டு இருந்த தன் என்.டி.எஃப்.எஸ் டிரைவரை கெர்னலுக்குக் கொடுக்க முன்வந்தது. சுமார் 27,000 வரி நிரலை ஒரே மூட்டையாக் கொண்டு வந்து இறக்கினதால "இதை யாருய்யா படிச்சுப் பார்க்கிறது?"ன்னு கொஞ்ச நாள் இழுபறி. கடைசியா 2021 அக்டோபர் 31-ல வெளியான 5.15 கெர்னல்ல என்.டி.எஃப்.எஸ்3-ங்கிற பேர்ல சேர்ந்தது. கெர்னலுக்கு உள்ளேயே படிக்க, எழுத ரெண்டுக்கும் வழி.

2024 மே மாசம் வந்த 6.9 கெர்னல்ல, ஆன்டன் எழுதின பழைய டிரைவரை நீக்கிட்டாங்க. பெரிய அறிவிப்பு ஒண்ணும் இல்ல. 22 வருஷம் கெர்னல்ல இருந்துட்டு அமைதியாப் போயிடுச்சு. அண்ணாச்சியோட டிஸ்க்கை நான் மவுண்ட் பண்ணினது அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்.

ஆனா அந்த என்.எல்.எஸ் மூலை இன்னும் இருக்கு. புது டிரைவருக்கு எந்த அட்டவணைன்னு நீங்க சொல்லாட்டி, கெர்னலைக் கம்பைல் பண்ணினவர் இயல்பா என்ன வச்சாரோ அதைத்தான் எடுத்துக்கும். இப்போ பல விநியோகங்கள் அதை யு.டி.எஃப்-8-ன்னு மாத்திட்டாங்க. மூல நிரல்ல இயல்பு இன்னும் 8859-1 தான். சொந்தமா கெர்னல் செஞ்சுக்கிறவங்க, சின்னச் சின்ன போர்டுகள்ல லினக்ஸ் ஓட்டுறவங்க, அந்த ஒத்தை வரியைப் பார்த்து மாத்திக்கோங்க.

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கறேன். நம்மள்ல பாதிப் பேர் 2003, 2004-ல எழுத ஆரம்பிச்சவங்க. எழுதினதோட மூலப் பிரதி, ஸ்கேன் பண்ண குடும்பப் படம், அப்பா டைப் அடிச்சு வச்ச குறிப்பு எல்லாம் எங்கயோ ஒரு பழைய டிஸ்க்ல கிடக்கும். அந்த டிஸ்க்குக்கும் வயசாகுது. இந்த வாரமே எடுங்க. படிக்க மட்டும்னு மவுண்ட் பண்ணுங்க, எழுத்து அட்டவணை யு.டி.எஃப்-8-ன்னு கையால எழுதுங்க. காப்பி எடுத்து முடிச்சதும் ரெண்டு பக்கமும் எத்தனை ஃபைல்னு எண்ணிப் பாருங்க. கெர்னல் பதிவுல "தாண்டிப் போறேன்"னு ஏதாவது வரி இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க. எண்ணிக்கை ஒத்துப் போனதுக்கு அப்புறம் பழசை என்ன வேணாலும் செஞ்சுக்கலாம்.

எண்ணாம மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க மக்கா.